சர்வரை எத்தனை நாளைக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்? மண்ணடி முதல் மணலி வரை, சின்ன ஆபீஸ்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மண்ணடியில், கப்பல் சரக்குக்குச் சுங்க வேலை பார்க்கும் ஒரு கிளியரிங் ஆபீஸ். ராத்திரி கடைசியாகக் கிளம்பும் பையன் ஏ.சி.யை நிறுத்துவான், சர்வருக்கு ரீஸ்டார்ட் கொடுப்பான், ஷட்டரை இழுத்துப் பூட்டுவான். இரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். அதே சமயம் ராயபுரத்தில் இன்னோர் ஆபீஸில், "நம்ம சர்வர் 611 நாளா நிக்கவே இல்ல தம்பி" என்று முதலாளி எனக்குத் திரையையே திருப்பிக் காட்டினார்.

இரண்டு இடமும் அந்த வருஷமே அடி வாங்கின.

மண்ணடியில் வேலை கூடி, ராத்திரி ஷிப்டும் ஓட ஆரம்பித்தது. ரீஸ்டார்ட் கொடுக்க நேரமே கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, சுங்கத்துக்குக் கொடுக்கும் பில் ஆஃப் என்ட்ரி தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் சர்வர் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. லேபிள் அடிக்கும் சின்ன சர்வீஸ் ஒன்று நாள் முழுக்க மெமரியைத் தின்றுகொண்டே போயிருக்கிறது. தினசரி ரீஸ்டார்ட் அந்த நோயைத் தீர்க்கவில்லை, கண்ணில் படாமல் மறைத்துத்தான் வைத்திருந்தது.

ராயபுரத்தில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, மெஷின் தானாக அணைந்தது. கரண்ட் வந்ததும் விண்டோஸ் எழுந்தது, பில்லிங் சாஃப்ட்வேர் எழவில்லை. அதன் சர்வீஸை இரண்டு வருஷத்துக்கு முன் யாரோ ஒரு இன்ஜினியர் கையால் ஓடவிட்டுப் போயிருக்கிறார். தானாகத் தொடங்கும்படி அமைக்கவில்லை. அவரும் இப்போது வேலையில் இல்லை. அரை நாள் போனது.

நான் வடசென்னைப் பக்கத்தில் சின்ன ஆபீஸ்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். இந்த இரண்டு சம்பவத்துக்கும் பிறகு எல்லாரிடமும் ஒன்றையே சொல்கிறேன்: ரீஸ்டார்ட் நாம் தேர்ந்தெடுத்த நாளில், ஒரு காரணத்தோடு நடக்க வேண்டும். பழக்கத்துக்காகவும் கூடாது, பெருமைக்காகத் தள்ளிப்போடவும் கூடாது.

அவசரமாகப் பதில் வேண்டுபவர்களுக்கு

விண்டோஸ் சர்வர் என்றால் மாதம் ஒருமுறை, அந்த மாதத்து அப்டேட் போட்ட பிறகு. லினக்ஸ் என்றால் புது கர்னல் (லினக்ஸின் உள் மையம்) வந்து, அதில் பாதுகாப்புத் திருத்தம் இருக்கும்போது. அப்படி எதுவும் வராவிட்டாலும் மூன்று மாதத்தைத் தாண்ட விட வேண்டாம். பல விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது ஒரே மெஷினுக்குள் தனித்தனியாக ஓடும் சர்வர்களைத் தாங்கும் ஹோஸ்டுக்கும், எல்லாரும் ஃபைல் சேமிக்கும் நாஸ் பெட்டிக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும், அவசரப் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் தவிர. மூன்று மாதக் கணக்கு என்னுடைய அனுபவத்தில் வைத்த அளவு. தினமும் அல்லது வாரா வாரம் ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் ஓடுகிறது என்றால், அங்கே கோளாறு இருக்கிறது. அதைத் தேடுங்கள்.

ரீஸ்டார்ட் செய்தால் உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. விண்டோஸ், ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலை மாற்றாது. அப்டேட் வந்ததும் புது ஃபைல்களை வரிசையில் நிறுத்தி வைத்துக்கொண்டு, மறுபடி எழும்போதுதான் மாற்றுகிறது. ஆகவே "அப்டேட் போட்டாச்சு, ரீஸ்டார்ட் மட்டும் பாக்கி" என்றால் இன்னும் பழைய பாதுகாப்பு ஓட்டையோடுதான் ஓடுகிறது என்று பொருள். லினக்ஸில் டிஸ்கில் உள்ள ஃபைல் உடனே மாறிவிடும். ஆனால் ஏற்கெனவே ஓடும் புரோகிராம் பழைய பிரதியையே மெமரியில் பிடித்துக்கொண்டிருக்கும். சர்வீஸை மட்டும் மறுபடி தொடங்கினால் அது சரியாகும். கர்னலுக்கு மட்டும் முழு ரீஸ்டார்ட் வேண்டும்.

2017-இல் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் வந்தது நினைவிருக்கும். அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அந்த வருஷம் மார்ச் 14-ஆம் தேதியே திருத்தம் கொடுத்துவிட்டது. தாக்குதல் மே 12-இல். நடுவே 59 நாள். மாதம் ஒருமுறை அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்தவருக்கு அந்த 59 நாள் தாராளமாகப் போதும். விண்டோஸுக்கு மாதம் ஒருமுறை என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

இதைத் தவிர ரீஸ்டார்ட் மெமரியைக் காலி செய்கிறது, மூடாமல் விட்ட இணைப்புகளைத் துடைக்கிறது, எண்ணிகளை, அதாவது கவுன்டர்களை, சுழியத்துக்குக் கொண்டுவருகிறது. இந்த எண்ணி விஷயம் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் விண்டோஸ் 95, 98 இரண்டும் 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் தொங்கிப்போகும் என்பது தெரிந்த பிழை. மில்லி செகண்டை எண்ணும் 32 பிட் எண்ணி அத்தனை நாளில் நிரம்பிவிடும். போயிங் 787 விமானத்தின் மின் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் இதே மாதிரிப் பிழை 248 நாளில் வரும் என்று தெரிந்து, 2015-இல் அமெரிக்க விமானத்துறை அதற்கு முன்பே மின்சாரத்தை நிறுத்தி மறுபடி போட வேண்டும் என்று உத்தரவிட்டது.

எல்லாவற்றிலும் கொடுமையானது 1991 வளைகுடாப் போரில் நடந்தது. சவூதியின் தஹ்ரானில் ஒரு பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, நிறுத்தாமல் 100 மணி நேரத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. அது நேரத்தைப் பத்தில் ஒரு செகண்டாக எண்ணும். பத்தில் ஒன்று என்பதைக் கணினி தன் இரட்டை எண் கணக்கில் முழுதாக எழுத முடியாது, ஒரு துளி விட்டுப்போகும். துளித்துளியாகச் சேர்ந்து 100 மணி நேரத்தில் 0.34 செகண்ட் பிசகு. வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணை அந்த நேரத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். பிப்ரவரி 25-ஆம் தேதி அதைத் தடுக்க முடியாமல் 28 படைவீரர்கள் இறந்தார்கள். திருத்திய சாஃப்ட்வேர் அடுத்த நாள் வந்து சேர்ந்தது. அதைவிட என்னை உறுத்துவது வேறு: சில நாளுக்கு முன்பே "மிக நீண்ட நேரம் ஓட விட்டால் குறி தப்பும்" என்று எச்சரிக்கை போயிருந்தது. எத்தனை மணி நேரம் என்று அதில் எழுதவில்லை.

அதனால்தான் உங்கள் ஆபீஸில் "அப்பப்ப ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்று வாய்வார்த்தையாக விடாதீர்கள். தேதி போட்டு எழுதுங்கள்.

படி 1: எத்தனை நாளாக ஓடுகிறது என்று பாருங்கள்

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைத் தட்டினால் கீழே அப் டைம் இருக்கும். லினக்ஸில் அப்டைம் என்று ஒரே கட்டளை.

இங்கே ஒரு பொறி. வடசென்னையில் நான் பார்க்கும் "சர்வர்"களில் நிறைய, விண்டோஸ் 10 அல்லது 11 போட்ட சாதாரண பிசிதான். அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். தினமும் ராத்திரி ஷட்டவுன் கொடுத்து, காலையில் ஆன் செய்தாலும் விண்டோஸின் உள் பகுதி முழுதாக மூடாது. டிஸ்கில் படுக்க வைத்து அப்படியே எழுப்புகிறது. கொருக்குப்பேட்டையில் ஒரு அக்கா, "தெனமும் நான்தான் ஆஃப் பண்ணிட்டுப் போறேன் தம்பி" என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்னது உண்மை. ஆனால் அப் டைம் 43 நாள் காட்டியது. ரீஸ்டார்ட் என்ற பட்டனை அழுத்தினால்தான் முழுதாக மூடி எழும். சர்வராகப் பயன்படுத்தும் பிசியில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக எப்படி அணைந்தது என்றும் பாருங்கள். ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் 1074 என்ற எண் இருந்தால் யாரோ, அல்லது ஏதோ ஒரு புரோகிராம், முறைப்படி ரீஸ்டார்ட் கொடுத்திருக்கிறது. பெயரும் இருக்கும். 6008 அல்லது 41 இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்திருக்கிறது. 6008 அடிக்கடி வந்தால் யுபிஎஸ் பேட்டரியை மாற்றும் வேலையை முதலில் பாருங்கள்.

படி 2: ரீஸ்டார்ட் காத்திருக்கிறதா?

விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் "ரீஸ்டார்ட் தேவை" என்று நின்றால் தெரிந்துவிடும். உபுண்டு, டெபியனில் வார் ஃபோல்டருக்குள் ரன் ஃபோல்டரில் ரீபூட் ரிக்வயர்ட் என்ற பெயரில் ஒரு ஃபைல் தோன்றியிருக்கும். ரெட் ஹேட் வகையில் நீட்ஸ் ரீஸ்டார்ட்டிங் என்ற கட்டளை சொல்லிவிடும். ஒன்றும் காத்திருக்கவில்லை, மெஷினும் நன்றாக ஓடுகிறது என்றால் மேலே சொன்ன மூன்று மாதக் கணக்கு வரும் வரை சும்மா விடுங்கள்.

நிறுத்தாமலே திருத்தம் போடும் முறையும் உண்டு. லினக்ஸில் லைவ்பேட்ச், கேபேட்ச் போன்றவை ஓடும் கர்னலிலேயே ஒட்டுப்போடும். விண்டோஸ் சர்வர் 2025-இல் ஹாட்பேட்ச் சந்தா கட்டினால் பெரும்பாலும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என வருஷத்துக்கு நாலு ரீஸ்டார்ட்டில் முடிந்துவிடும். ஒரே சர்வர் வைத்திருக்கும் ஆபீஸுக்கு இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும்.

படி 3: "ஸ்லோவா இருக்கு" என்றால் உடனே கை வைக்காதீர்கள்

இதுதான் எல்லாரும் தவறும் இடம். சர்வர் தள்ளாடும்போது ரீஸ்டார்ட் கொடுத்தால் ஓடும், உண்மைதான். கூடவே தடயமும் அழிந்துவிடும். பத்து நிமிஷம் பொறுங்கள்.

முதலில் டாஸ்க் மேனேஜரில் டீட்டெயில்ஸ் பக்கத்தைத் திறந்து, மெமரி வரிசைப்படி அடுக்கி, போனில் ஒரு போட்டோ எடுங்கள். ஹேண்டில்ஸ் (ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் ஃபைல், இணைப்பு போன்றவற்றின் எண்ணிக்கை) என்ற பத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடி ஒரு போட்டோ. இறங்காமல் ஏறிக்கொண்டே போகும் புரோகிராம் ஒன்று சிக்கும். மண்ணடி ஆபீஸில் நான் செய்தது இவ்வளவுதான். லேபிள் சர்வீஸ் காலை பத்து மணிக்கு 180 எம்பி, மதியம் ஒரு மணிக்கு 1.4 ஜிபி, நாலு மணிக்கு 3 ஜிபியைத் தொட்டது. மூன்று போட்டோவையும் சாஃப்ட்வேர் கொடுத்தவருக்கு அனுப்பினேன். "எங்க சைடுல ப்ராப்ளம் இல்ல" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரே வாரத்தில் புதுப் பதிப்பு கொடுத்தார்.

அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் என்ன செய்வது? முழு சர்வரையும் நிறுத்த வேண்டாம். அந்த ஒரு சர்வீஸை மட்டும் தினமும் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி தொடங்கும்படி டாஸ்க் ஷெட்யூலரில் போட்டு வையுங்கள். மற்றவர்கள் வேலை கெடாது. ஆனால் அதை நிரந்தர வைத்தியமாக்கிவிடாதீர்கள்.

மெமரி ஏறுவதெல்லாம் இந்த மாதிரிக் கசிவு, அதாவது எடுத்ததைத் திருப்பித் தராமல் தின்பது, அல்ல. எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் கிடைத்த மெமரியை எல்லாம் எடுத்துக்கொள்ளும், அதன் இயல்பே அப்படி. படித்த தரவைக் கையருகே வைத்திருந்தால்தான் வேகமாகப் பதில் சொல்ல முடியும். ரீஸ்டார்ட் கொடுத்தால் அந்தச் சேமிப்பு காலியாகி, முதல் ஒரு மணி நேரம் இன்னும் மந்தமாகத்தான் ஓடும். அதற்கு உச்ச வரம்பு வைத்துவிடுங்கள். 32 ஜிபி மெஷினில் 24 ஜிபி என்று வைப்பது என் வழக்கம். லினக்ஸிலும் "ஃப்ரீ" குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டாம், "அவெய்லபிள்" எவ்வளவு என்று பாருங்கள்.

டிஸ்க் நிரம்பியிருந்தாலும், டிஸ்கே சாகக் கிடந்தாலும் ரீஸ்டார்ட் உதவாது. டிஸ்க் சாகும் நிலையில் ரீஸ்டார்ட் கொடுப்பது ஆபத்து, எழாமலே போகலாம். கறக் கறக் என்று சத்தமோ, முன்பக்கம் மஞ்சள் விளக்கோ தெரிந்தால் முதலில் பேக்கப்.

படி 4: நாளைக் குறியுங்கள்

மைக்ரோசாஃப்ட் மாத அப்டேட்டை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை விடுகிறது. நம் ஊர் நேரத்துக்கு அது ராத்திரி. அன்றே போடாதீர்கள். புதனும் வியாழனும் உலகத்தில் யாருக்காவது அது வம்பு செய்கிறதா என்று தெரிந்துவிடும்.

நான் குறிப்பது அந்த இரண்டாம் செவ்வாய்க்கு அடுத்து வரும் ஞாயிறு. காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள்: அந்த ஞாயிறு எந்த மாதத்திலும் 13-க்கு முன்னும் வராது, 19-க்குப் பின்னும் போகாது. ஜிஎஸ்டி கணக்கை மாதா மாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11-ஆம் தேதி, 3பி கெடு 20-ஆம் தேதி. இரண்டுக்கும் நடுவே அந்த ஞாயிறு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மாதக் கடைசி நெரிசலும் இல்லை. ஏதாவது கெட்டாலும் சரிசெய்யக் குறைந்தது திங்கள் ஒரு நாள் கையில் இருக்கும்.

ஞாயிறும் கப்பல் வேலை ஓடும் ஆபீஸ் என்றால், காலை ஆறு மணிக்கே முடித்துவிடுங்கள். மின்வாரியம் உங்கள் தெருவுக்குப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருந்தால் அந்த நாளையும் பயன்படுத்தலாம், எப்படியும் நிறுத்தத்தானே போகிறோம். ஆனால் கரண்ட் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நீங்களாக அணையுங்கள்.

படி 5: அழுத்துவதற்கு முன்

பேக்கப் எடுத்தால் போதாது. அதிலிருந்து ஒரே ஒரு ஃபைலையாவது வெளியே எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

இப்போது என்னென்ன சர்வீஸ் ஓடுகிறது என்று போட்டோ எடுங்கள். ஒவ்வொன்றும் தானாகத் தொடங்கும் வகையில் இருக்கிறதா பாருங்கள். ராயபுரத்துச் சம்பவத்தில் இந்த ஒரு பார்வை அரை நாளைக் காப்பாற்றியிருக்கும். லினக்ஸில் ஓடுவது வேறு, பூட்டில் எழும்படி எனேபிள் செய்திருப்பது வேறு. இரண்டையும் பாருங்கள்.

பின்னால் செருகியிருக்கும் பென் டிரைவைக் கழற்றுங்கள். சில மெஷின் அதிலிருந்தே பூட் ஆகப் பார்த்து நின்றுவிடும். சாஃப்ட்வேர் லைசென்ஸ் டாங்கிளை (செருகியிருந்தால்தான் அந்த சாஃப்ட்வேர் ஓடும்) கழற்றிவிடாதீர்கள், பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் காகிதத்தில் கையில் இருக்கட்டும், சர்வருக்குள்ளேயே சேமித்து வைத்துப் பயனில்லை. வீட்டிலிருந்து ரிமோட்டில் செய்கிறீர்கள் என்றால், ஐடிராக், ஐஎல்ஓ போல மெஷின் அணைந்தாலும் உள்ளே போகும் வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆபீஸ் சாவியோடு ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

யாராவது உள்ளே வேலை செய்கிறார்களா என்று திரையில் பார்ப்பதோடு நிறுத்தாமல் போன் போட்டுக் கேளுங்கள். "அக்கா, சேவ் பண்ணி வெளிய வந்துட்டீங்களா?" என்ற ஒரு கேள்வி போதும்.

படி 6: வரிசை

ஒரே மெஷின் என்றால் இதைத் தாண்டிப் போகலாம். பல மெஷின் இருந்தால் அணைப்பது மேலிருந்து கீழே: அப்ளிகேஷன், டேட்டாபேஸ், டொமைன் கன்ட்ரோலர் (எல்லாருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வர்), கடைசியில் ஸ்டோரேஜ். எழுப்புவது அதற்கு நேர் எதிர். டொமைன் கன்ட்ரோலர் முழுதாக எழுந்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

படி 7: காத்திருங்கள்

உண்மையான சர்வர் மெஷின் என்றால், பொத்தானை அழுத்தியதும் ஃபேன் எல்லாம் ஒரே மூச்சில் அலறும். பிறகு அடங்கும். திரை கறுப்பாகவே இருக்கும். மெமரியையும் டிஸ்க் கன்ட்ரோலரையும் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்கும், ஐந்து பத்து நிமிஷம் ஆகலாம். வீட்டு பிசி முப்பது செகண்டில் எழுவதைப் பார்த்துப் பழகியவருக்கு இந்த இடத்தில் கை பரபரக்கும். பவர் பட்டனைத் தொடாதீர்கள்.

விண்டோஸ் அப்டேட் சதவீதம் காட்டி ஒரே எண்ணில் நின்றாலும் அப்படித்தான். சர்வர் 2016-இல் அப்டேட் இழுத்தடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை வேலை நடக்கிறது. ஒரு மணி நேரம் பொறுங்கள். நடுவில் அணைத்தால் பாதி மாறிய ஃபைலோடு நின்று, ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விடும்.

படி 8: எழுந்த பிறகு

லாகின் திரை வந்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பாதீர்கள். முதலில் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பிறகு, முன்பு எடுத்த போட்டோவோடு சர்வீஸ் பட்டியலை ஒப்பிடுங்கள். அப்புறம் சர்வரை விட்டு எழுந்து, வேறொரு மேசையின் பிசிக்குப் போய், சோதனைக்காக ஒரு பில் போட்டு, பிரிண்ட் எடுத்து, அதை ரத்து செய்யுங்கள். ஷேர் ஃபோல்டரில் ஒரு ஃபைலைத் திறந்து சேமியுங்கள். காகிதம் பிரிண்டரிலிருந்து வெளியே வரும் வரை சர்வர் எழுந்ததாக நான் கணக்கில் எடுப்பதில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை: மழைக்கு முன் முழுதாக அணைத்துப் பாருங்கள்

ரீஸ்டார்ட் வேறு, பிளக்கைப் பிடுங்கி அணைப்பது வேறு. வர்தா 2016 டிசம்பர் 12-இல் வந்தது, மிக்ஜாம் 2023 டிசம்பர் தொடக்கத்தில். இரண்டிலும் நம் பக்கம் கரண்ட் எப்போது போனது, எப்போது வந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த மாதிரி நாளில்தான் முதல்முறையாக மெஷின் முழுதாக அணைந்து எழ வேண்டும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். செப்டம்பரில் ஒரு ஞாயிறு நீங்களே செய்து பாருங்கள்.

பேக்கப் கையில் இருக்க வேண்டும். பல வருஷமாகச் சுழன்றுகொண்டே இருந்த பழைய ஹார்ட் டிஸ்க், சூடு ஆறியதும் மறுபடி சுழலாமல் போவதுண்டு. அது செப்டம்பரில் நம் கண் முன்னால் போகட்டும், டிசம்பர் வெள்ளத்தில் வேண்டாம்.

அணைத்து, வயரைக் கழற்றி, மூடியைத் திறந்தால் காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்து மெஷின்களில் உப்புக்காற்று என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். போன வருஷம் காசிமேட்டில் ஒரு சர்வரின் நெட்வொர்க் வயரைக் கழற்றினேன். முனையில் எட்டுத் தங்க நிறத் தகடுகள் இருக்க வேண்டும். மூன்றில் பச்சை பூத்திருந்தது, ஒன்று விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. "ராத்திரியில நெட்வொர்க் விட்டு விட்டு வருது, ரீஸ்டார்ட் பண்ணா சரியாகுது" என்று அவர்கள் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததன் காரணம் அதுதான். சில ரூபாய் ப்ளக்கை மாற்றினேன், அதற்குப் பிறகு அந்தப் புகார் இல்லை.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் சிஆர் 2032 என்ற பேட்டரி இருக்கும். மெஷின் கரண்டில் ஓடும்வரை அது செத்திருந்தாலும் தெரியாது. முழுதாக அணைத்து எழுப்பினால் தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும். தேதி தவறினால் பில் தேதி தவறும், வங்கித் தளமும் ஜிஎஸ்டி தளமும் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று கதவைச் சாத்தும், டொமைனில் லாகின் ஆகாது. அஞ்சு வருஷம் தாண்டிய மெஷின் என்றால் திறந்த கையோடு அதையும் மாற்றிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ரீஸ்டார்ட்டால் தீராத எண்ணிப் பிழைகளும் உண்டு. 2019 நவம்பரில் சர்வர் தயாரிக்கும் ஹெச்பிஇ தன் எஸ்எஸ்டி மாடல்கள் சிலவற்றுக்கு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மொத்தம் 32,768 மணி நேரம், அதாவது மூன்று வருஷம் 270 நாள் 8 மணி, ஓடி முடிந்ததும் டிஸ்க் தரவோடு செயலிழந்துவிடும். அதற்கு மருந்து ஃபர்ம்வேர் (டிஸ்குக்கு உள்ளேயே இருக்கும் சாஃப்ட்வேர்) அப்டேட் ஒன்றுதான். ஒரே நாளில் வாங்கிப் போட்ட நாலு டிஸ்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போயிருக்கும், ஒரு டிஸ்க் போனாலும் தரவைக் காக்கும் ரெய்டு இருந்தும் பயனில்லை. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலுக்கு ஃபர்ம்வேர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதையும் அதே ஞாயிற்றுக்கிழமையில் போடலாம்.

படி 9: எழுதி ஒட்டுங்கள்

ஒரு முழு ஏ4 தாள். சர்வர் ரேக்கின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். வெளியே ஒட்டினால் ஒரு மாதத்தில் யாராவது கிழித்து போன் நம்பர் எழுதிவிடுவார்கள். தேதி, எதற்காக ரீஸ்டார்ட், யார் செய்தது, எழ எத்தனை நிமிஷம் ஆனது, எழாதது எது என்று ஐந்து பத்தி. நிமிஷக் கணக்கு முக்கியம். போன மாதம் ஒன்பது நிமிஷம், இந்த மாதம் இருபத்தி நாலு என்றால் டிஸ்கைப் பாருங்கள். "காரணம்" என்ற பத்தியில் "ஸ்லோ" என்று இரண்டு மாதம் தொடர்ந்து எழுத வேண்டி வந்தால், படி 3-க்குத் திரும்புங்கள்.